கேட்பதற்காக ஏறிய மலை

எனக்கு மலை பிடிக்காது. நெசவுக் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டே வளர்ந்தவனுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட நான், அறுபதுகளின் கடைசியில், இருபத்து நான்கு வயதில், ஜவ்வாது மலையைக் குறுக்கே நடந்து கடக்கலாம் வா என்று என் நண்பனை அழைத்தேன். காரணம் மலை அல்ல, அவன் தங்கை.

அவளைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. பெரியவர்களை அனுப்பிக் கேட்டு, இல்லை என்று பதில் வந்துவிட்டால் அவன் முகத்தில் விழிக்க முடியாது. விழிக்காமலும் இருக்க முடியாது. கரையையும் உடலையும் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆறு வருஷமாக நான் இடப்பக்கம், அவன் வலப்பக்கம். எனவே முதலில் அவன் மனதை ரகசியமாக அறிந்துகொள்ள நினைத்தேன். எங்கள் நெசவாளர் பேட்டையான பிள்ளையார்பாளையத்தில் ரகசியம் பேச இடம் ஏது? எங்கள் தெருவில் சுவருக்குக் காது தேவையே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது ஒரு சித்தப்பா இருப்பார்.

ஒரு பாவு நூலை நெய்து முடித்து, அடுத்த பாவு தறியில் ஏற ஐந்து நாள் இருந்தது. மலைக்கோயிலுக்கு வேண்டுதல் என்று வீட்டில் புளுகிவிட்டு, போளூர் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து நடந்தோம்.

ஒற்றையடிப் பாதை. அவன் முன்னால், நான் பின்னால். ஒருவன் முதுகைப் பார்த்துக்கொண்டு பெண் கேட்க வாய் வருமா? சாப்பிடும்போது கேட்கலாம் என்று எதிரெதிரே உட்கார்ந்தேன். அது இன்னும் மோசம். அவன் வலது கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் ஆறு வருஷம் பேசிய அத்தனையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், சேலையைப் பார்த்துப் பேசியது. முன்பின் தெரியாத ஆளோடு சாப்பிடுவது போல் புளிச்சோற்றை விழுங்கி எழுந்தேன். இப்படியே இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் மதியம், கால் கடுத்து, ஒரு பாறை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம். நான் இடப்பக்கம், அவன் வலப்பக்கம். இருவரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். வாய் தானாகத் திறந்தது.

"உன் தங்கச்சிய எனக்குக் குடுப்பியாடா?"

அவன் குனிந்து உள்ளங்காலைத் தடவிக்கொண்டான்.

"கெளம்பும்போதே அவ சொல்லிட்டாபா. 'அவரு என்னாவோ கேக்கத்தான் உன்ன மலைக்கு இட்டுக்கினு போறாரு. எங்கிட்ட கேக்க வேண்டியத உங்கிட்ட கேக்கற ஆளு எனக்கு வேணாம்னு சொல்லிடு'ன்னா. மூணு நாளா எனக்குந்தான் சொல்ல வாய் வரல."

ஊருக்குத் தெரியக்கூடாது என்று நான் காடு தேடி வந்தால், யாருக்குக் கடைசியாகத் தெரிய வேண்டுமோ அவளுக்கே முதலில் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிட, வலித்தது. கண்ணீர் வந்ததை மறைக்கவும் இல்லை.

"நான் அவகிட்டயே கேட்டா?" என்றேன்.

"அத அவ சொல்லல. உள்ளங்கால்ல கொப்புளமா இருக்குது, எழுந்திரு, ஊருக்குப் போலாம்."

மலையைக் கடக்காமல் பாதியிலேயே திரும்பினோம். இரண்டரை நாள் ஏறிய வழியை ஒரே நாளில் இறங்கினேன். இந்த முறை நான் முன்னால். அவன் நொண்டிக்கொண்டு, திட்டிக்கொண்டு பின்னால்.

அவள் வீட்டுக் கூடத்தில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவும் அங்கேயே இருந்தார். செருப்பைக் கழற்றியவன் உட்காராமலே கேட்டேன்.

"என்னக் கட்டிக்கிறியா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவள் ராட்டையை நிறுத்தவில்லை.

"மல எப்படி இருந்துது?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். அவள் அண்ணன் முதுகைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"தெரியல. நான் பாக்கல."

"அத்தினி நாளா அங்க இன்னாதான் பண்ணீங்க?"

"பயந்துக்கினு இருந்தேன்."

சிரித்துவிட்டாள். சிரிப்பு பதில் ஆகாது. அங்கேயே நின்று இன்னொரு தடவை கேட்டேன்.

"சரி" என்றாள்.