விலையை இறக்கும் ஆண்டவரே

என் மனைவி கிரேஸ், "சபையில சாட்சியச் சுருக்கமா சொல்லுங்க, உண்மையா சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். இரண்டில் ஒன்றையாவது செய்கிறேன்.

போன ஆடியில் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். காரணம் என் அப்பா. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். தஞ்சாவூர் முழுக்க வேறு வீடு தேடினேன். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "படுக்கையில யாராச்சும் இருக்காங்களா?" இருக்கிறார் என்றதும் சாவி உள்ளே போய்விடும். தங்கள் வீட்டில் ஒரு சாவு விழக்கூடாதே என்ற பயம்.

"அப்பா வாக்கிங் போயிருக்காருன்னு சொல்லிடுடா" என்றார் அப்பா. சிரித்தேன். பிறகு பாத்ரூமில் போய் அழுதேன்.

சொந்த வீடுதான் வழி என்றாயிற்று. நாஞ்சிக்கோட்டை ரோட்டில், வயலை மனையாக்கிய ஒரு நகரில், பச்சை கேட் போட்ட வீட்டைத் தரகர் காட்டினார். யாருடைய வீடு என்று நான் கேட்கவில்லை. வீல்சேர் தடையில்லாமல் போகிற வாசல். வங்கிக் கடனும் தயார். ஆனால் அந்தப் பக்கம் வருவதாகச் சொன்ன பஸ் ஸ்டாண்டு வராததால் விலை இறங்கிக்கொண்டிருந்தது.

கூட வேலை பார்க்கும் செல்வம், "இன்னும் எறங்கும், கம்முனு இரு. இப்ப வாங்குறவன் ஏமாளி" என்றான். அந்தப் பட்டம் என்னிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஆகவே தினமும் முழங்காலிட்டு, "விலையை இன்னும் இறக்கும் ஆண்டவரே" என்று ஜெபித்தேன். ஆண்டவரையே தரகராக்கினேன். விலையும் இறங்கியது. ஸ்தோத்திரம் சொன்னேன். அதற்குள் வாடகை வீட்டுக்காரர் இரண்டாம் முறை வந்து கதவைத் தட்டினார்.

கார்த்திகையில், வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் எஸ்தர் அக்கா எழுந்தார். எங்கள் சபைதான்; கணவரோடு திருச்சி ஆஸ்பத்திரியிலேயே கிடப்பவர், அன்று வந்திருந்தார்.

"வீட்ட வித்தாதான் அவருக்கு ஆபரேஷன். நாஞ்சிக்கோட்டை ரோட்டுல பச்சை கேட் வீடு. யாரோ ஒருத்தர் பாத்துட்டு, இன்னும் எறங்கட்டும்னு காத்துருக்காராம். தரகர் சொல்றாரு."

அந்த ஒருத்தர் நான். பாஸ்டர் சுற்றிப் பார்த்தார். "பிரதர் தாவீது, இதுக்காக நீங்களே ஜெபிங்க."

எழுந்தேன். "ஆண்டவரே" என்றேன். அவ்வளவுதான். கிரேஸ்தான் எல்லோருக்கும் கேட்கும்படி "ஆமென்" சொல்லி முடித்துவைத்தாள். உட்கார்ந்ததும், "நாளைக்கே அட்வான்ஸ் குடுங்க" என்று தொடையில் கிள்ளினாள்.

கொடுத்தேன். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. குடிபோனபோது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு வந்த அக்கா, "கிச்சன் குழாயை மெதுவா திறங்க தம்பி, கையோட வந்துரும்" என்றார். வந்தது.

தையில் அதே தெருவில் ஒரு வீடு இன்னும் குறைந்த விலைக்குப் போனது. செல்வம் போன் போட்டுச் சிரித்தான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தவணைத் தேதி வந்தால் இன்றும் பாஸ்புக்கை நாலு தடவை புரட்டுகிறேன். விசுவாசம் வந்தால் பயம் போய்விடும் என்பவர்கள் ஹோம் லோன் வாங்காதவர்கள்.

பங்குனியில் அப்பா அந்த வீட்டு முன்னறையில், ஜன்னலைப் பார்த்தபடி கண்மூடினார். கிரேஸும் நானும் பக்கத்தில் இருந்தோம். எங்களைக் காலி செய்யச் சொல்ல யாரும் வரவில்லை. கர்த்தருக்கு நான் சொன்ன ஸ்தோத்திரங்களில் அன்று சொன்னதுதான் உண்மையானது.

படுக்கையில் ஒருவரை வைத்துக்கொண்டு வீடு தேடுகிறவர்கள் இங்கே இருக்கலாம். தவணை உங்கள் சம்பளத்துக்குள் அடங்குமா என்று மட்டும் பாருங்கள். விலை இறங்குமா என்று ஆண்டவரிடம் கேட்காதீர்கள். வீடு கேளுங்கள். தருவார்.