கெட்டியான ரத்தம்

அக்காவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஒன்பது. தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து அப்பாவும் நானும் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். அம்மா கட்டிலருகிலேயே இருந்தார். கால்மாட்டில் தொங்கிய அட்டையிலுள்ள இரண்டு எண்களைக் கொப்பியில் பென்சிலால் எழுதிக்கொள்வது என் வேலை. வேலை கொடுத்தால் பிள்ளை அழாது என்று அப்பா நினைத்திருக்க வேண்டும்.

ஒன்று பிளேட்லட். அது நாளுக்கு நாள் குறைந்தது. எல்லோரும் அதையே கேட்டுக் கலங்கினார்கள். மற்ற எண்ணை யாரும் கேட்கவில்லை. அது முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று என்று ஏறி, ஐந்தாம் நாள் நாற்பத்தேழாக இருந்தது. அன்று காய்ச்சலும் விட்டிருந்தது. அது என்ன எண் என்று நர்ஸிடம் சிங்களத்தில் கேட்டேன். ரத்தம் கெட்டியாகியிருக்கிறது என்றார். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். தோட்டத்தில் கெட்டிப் பாலுக்குத்தான் மதிப்பு. மழைத்தண்ணீர் கலந்துவிட்டால் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு விழும்.

“பாத்தியா, கெட்டியாயிருச்சு! எல்லாம் பப்பாசி எலச் சாறு செஞ்ச வேல,” என்றார் அம்மாவிடம். “காச்சலும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்.”

“ஆமாப்பா, போயிருவோம். இவுங்க எடுக்குற ரத்தத்துக்கு நொளம்புக் கடியே தேவல,” என்றாள் அக்கா. அவள் கை சில்லென்றிருந்தது. காய்ச்சல் விட்டதால் என்று நினைத்துக்கொண்டோம்.

அம்மா உடுப்புகளைப் பையில் அடுக்கிவிட்டார். நர்ஸ் வந்து அந்தப் பையைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

“எங்க போறது? காச்சல் போனாத்தான் பயம்!”

அக்காவின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். திரையை இழுத்தார்கள். என்னைப் பிளாஸ்க் கழுவ அனுப்பினார்கள். ரத்தத்திலுள்ள நீர் வெளியே கசிவதால்தான் அது கெட்டியாகிறது, அந்த எண் இறங்கினால்தான் பிள்ளை தப்பும் என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். பல வருஷங்கள் கழித்துத்தான் அப்பா எனக்கு அதைச் சொன்னார்.

மறுநாள் பகல் அட்டையில் முப்பத்தொன்பது என்றிருந்தது. அக்கா உறங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு கெட்டியாக இருந்த ரத்தம் ஒரே நாளில் தண்ணீராகிவிட்டதே என்று நினைத்தேன். பயந்து பயந்து கொப்பியை நீட்டினேன். அப்பா அந்த எண்ணில் விரலை வைத்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார். பிறகு தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. கொப்பியை மெதுவாக இழுத்தெடுத்து, முப்பத்தொன்பதை அழித்து, நாற்பத்தெட்டு என்று எழுதினேன்.

“அழாதீங்கப்பா, கூடிருச்சு,” என்றேன்.