அக்காவுக்கு வந்த பிழை

அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் அக்காவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அவளுக்கு மார்பகப் புற்றுநோய். மருந்து ஏற்றப் போகும்போதெல்லாம் நான்தான் துணை. பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போயிருந்தது.

"நான் யாருக்குடி என்ன கெடுதல் பண்ணேன்?" என்று அக்கா கேட்டாள். அம்மாவும் இதே நோயில்தான் போனாள்.

நான் உயிரியல் டீச்சர். பிளஸ் டூ வகுப்பில் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன்.

"செல்லு ரெண்டாப் பிரியறப்ப மரபணுவ நகல் எடுக்கும்க்கா. அதுல பிழை வரத்தான் செய்யும். அதத் திருத்தவும் உள்ளயே ஜீன் இருக்கு. ஒனக்கு அந்த ஜீன்லயே பொறக்கும்போதே பழுதுன்னு டெஸ்ட்ல வந்துருக்கு. பிழை சேந்து சேந்து செல்லு நிக்காமப் பெருகிருச்சு. நீ ஒண்ணும் பண்ணல."

"அப்ப அம்மாகிட்டேர்ந்து வந்ததா?"

"அப்படித்தான் இருக்கணும்."

ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கும் இருக்குமாடி?"

"இருக்கலாம், இல்லாமயும் போகலாம். பாதிக்குப் பாதி."

"நீயும் பாத்துரு."

பார்த்தேன். எனக்கு அந்தப் பழுது இல்லை என்று வந்தது. அடுத்த முறை அவளுக்கு மருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"ஒருத்தியாவது தப்பிச்சியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தும் அவளுக்கு வந்தது எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் இருவருமே தூங்கிவிட்டோம். கண்டக்டர்தான் எழுப்பி இறக்கிவிட்டார். அக்காவுக்கு இன்னும் மருந்து போய்க்கொண்டிருக்கிறது.