ரஃபத் ஜஹானின் மூடியில்லாத கணினி

ரஃபத் ஜஹானின் கணினிக்கு ஒரு பக்கம் மூடி கிடையாது. அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார். "அடிக்கடி உள்ள கை விட வேண்டியிருக்கு. ஒவ்வொரு வாட்டியும் ஸ்க்ரூ கழட்டினா பேஜாரு" என்பார். விசிறி சுற்றுவது, ஒயர்கள் வளைந்து போவது எல்லாம் வெளியே தெரியும். முதல் நாள் அந்த அறைக்குள் போனபோது எனக்குப் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு அதைப் பார்ப்பதே என் வேலையைப் போல ஆகிவிட்டது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் அறையில் வேலை செய்கிறேன். பள்ளிகொண்டாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறேன். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்களுக்குக் காட்டுவதற்காக முதலில் ஒரே ஒரு ஜோடி செய்து பார்க்கும் இடம்தான் சாம்பிள் அறை. அந்த ஜோடி கம்பெனி வாசலைத் தாண்டினால் கம்பெனி ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வேறு கம்பெனிக்காரர் கண்ணில் மாடல் பட்டுவிடக் கூடாது. ரஃபத் வீட்டுக்குப் போகும் ஜோடிக்கு நான் துணை. காலையில் பையில் எடுத்துப் போய், அவர் பார்த்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருக்க ஓர் ஆள் வேண்டும் என்று மேனேஜர் நவீன்குமார் கேட்டபோது, அறையில் இருந்த எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள்.

ரஃபத் பேரணாம்பட்டில் பிறந்தவர். கம்ப்யூட்டர் பட்டப்படிப்பில் இரண்டு வருடம் முடிந்ததும் கல்யாணம் ஆகி ஆம்பூர் வந்தார். மூன்றாம் வருடத்தை இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு தபால் வழியில் முடித்தார். கணவர் தவ்ஃபீக், தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ரசாயனம் விற்கும் கம்பெனியில் இருக்கிறார். வாரத்தில் பாதி நாள் ராணிப்பேட்டையில்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கிடைத்த நேரத்தில், வீடியோ பார்த்துப் பார்த்து, கணினிக்குள் ஷூ செய்யக் கற்றுக்கொண்டார் ரஃபத். நிஜ ஷூவைக் கையில் திருப்பிப் பார்த்து, தையல் தையலாக, மடிப்பு மடிப்பாகத் திரையில் அதைக் கட்டுவார். திரையில் இருக்கும் ஷூவை எந்தப் பக்கமும் திருப்பலாம். கருப்பை ஒரு நொடியில் தேன் நிறமாக்கலாம்.

கணினியையும் அவரே ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக் கட்டியிருந்தார். படத்தை வேகமாக ஓட்டுவதற்கென்று தனி கார்டு உண்டாம். அதை அவர் வாங்கவில்லை. அந்தக் கார்டு இல்லாத கணினியில் படம் ஓடுவதும் ரேமை நம்பித்தான். ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது சாமான்களைப் பரப்பி வைத்துக்கொள்ளும் மேசை என்று எனக்குச் சொன்னார். மேசையும் பெரிதாக இருக்க வேண்டும், அதில் எடுப்பதும் வைப்பதும் வேகமாக நடக்க வேண்டும். அதனால் முன்பே இருந்த ஒரு ரேமோடு அதே கம்பெனி, அதே நம்பர் போட்ட இன்னொன்றை வேலூரில் வாங்கி மாட்டினார். பிறகு கணினியின் அமைப்புக்குள் போய் இரண்டின் வேகத்தையும் 2400இலிருந்து 3600க்கு ஏற்றினார். இதை ஓவர்கிளாக் என்கிறார்கள்.

நான் முதலில் அங்கே போன வாரம்தான் அவருக்கு எங்கள் கம்பெனி ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தது. அதுவரை இந்த வேலை சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆறு மாடல், ஒவ்வொன்றும் சுற்றிச் சுழலும் படமாக, சனிக்கிழமைக்குள் வேண்டும். சரியாக வந்தால் அடுத்த சீசன் முழுக்க ரஃபத்துக்கு. வராவிட்டால் பழையபடி சென்னைக்கு. நவீன்குமார் என் எதிரிலேயே போனில் சொன்னார்: "ரெண்டாவது சான்ஸ்லாம் மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க மேடம், இப்பவே சொல்லிட்றேன்."

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு முதல் மாடல் பாதி ஓடும்போது திரை நீலமாகி நின்றது. மறுபடி போட்டார். இந்த முறை நிற்கவில்லை. ஆனால் முடிந்து வந்த படத்தில் ஷூவின் முனையில் ஒரு கருப்பு முக்கோணம் இருந்தது, தோலில் யாரோ கத்தி வைத்தது போல.

"இது நின்னு போறத விட மோசம்க்கா. நின்னா தெரிஞ்சிடும். இது தெரியாமலே தப்பா எழுதி வெக்குது" என்றார்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ஒரு பழைய ஸ்கூல் நோட்டை எடுத்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றியதை எழுதுவது, பிறகு சோதிப்பது, இதுதான் அவர் முறை. ரேமைச் சோதிக்க ஒரு நிரல் இருக்கிறது. அது ரேமின் மூலை முடுக்கெல்லாம் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். தப்பு வந்தால் சிவப்பில் எண்ணிச் சொல்லும். ஒவ்வொன்றையும் செய்யும்போது என்னிடம் சொல்லிக்கொண்டே செய்வார். "இப்ப சூடா இருக்குதானு பாக்கலாம்க்கா" என்று டேபிள் ஃபேனைத் திருப்பினார். "இப்ப கரண்ட்டு கொஞ்சம் ஜாஸ்தி குடுக்கலாம்." புரிகிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. புரியும் ஆளிடம் சொல்வது போலவே சொன்னார். எட்டாம் வகுப்போடு நின்றுபோனவளிடம் அப்படி யாரும் பேசியதில்லை.

நான் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். செவ்வாய் மத்தியானம் அவரே சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து பக்கத்தில் போட்டார். வேண்டாம் மேடம் என்றேன். "மேடமா? நான் இன்னா டீச்சரா? கீழ உக்காந்தா உங்களுக்கு ஸ்கிரீன் தெரியாது, எனக்கு உங்க முகம் தெரியாது. ஏறி உக்காருங்க" என்றார். அதற்குப் பிறகு ரஃபத்தம்மா என்று கூப்பிட்டேன்.

புதன்கிழமை இரண்டு ரேமையும் கழற்றிச் செய்தித்தாள் மேல் வைத்து, அடியில் இருக்கும் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தார். தனித்தனியாக மாட்டிச் சோதித்தார். முதலாவது ஒரு தப்பும் காட்டவில்லை, இரண்டாவதும் காட்டவில்லை. இடம் மாற்றி மாட்டினார். அப்போதும் தனியாக என்றால் சரியாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இருபதாவது நிமிடம் சிவப்பு வந்தது.

"ரெண்டும் நல்லதுதான். சேந்தாதான் சண்ட. மாமியா மருமக மாரி" என்று சிரித்தார். ஆனால் நோட்டில் எழுதும்போது சிரிப்பு இல்லை.

அவை செய்தித்தாள் மேல் கிடந்தபோதுதான் எனக்குக் கண்ணில் பட்டது.

சாம்பிள் அறைக்கு வருமுன் வேறொரு கம்பெனியில் பதினோரு வருடம் ஜோடி சேர்க்கும் வேலை செய்தேன். ஒரே தோலில் இருந்து வெட்டிய இடதும் வலதும்தான் ஜோடி. உள்ளே நம்பர் எழுதியிருப்பார்கள். ஆனால் எழுதும் கை தவறி நம்பர் மாறிப்போகும். அதனால் நம்பரைப் பார்த்து முடித்த பிறகு ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். டியூப்லைட்டில் ஒன்றாக இருப்பது வெயிலில் இரண்டாகத் தெரியும். விளிம்பைப் பார்ப்போம், விரலால் பிடித்துத் தடிமன் பார்ப்போம். நிறமும் சைஸும் ஒன்றாக இருந்தும் ஜோடி இல்லாதவை கூடை கூடையாக வரும்.

ரேம் இரண்டுக்கும் மேலே ஒரே மாதிரி சாம்பல் நிறத் தகடு, ஒரே லேபிள். ஆனால் விளிம்பில், தகட்டுக்குக் கீழே, ஒன்றில் கருப்புச் சில்லுகள் ஒரு பக்கம் மட்டும் இருந்தன. மற்றதில் இரண்டு பக்கமும். ஒன்று ஒல்லி, ஒன்று தடி.

நான் சொல்லவில்லை. பழைய கம்பெனியில் ஒரு தடவை, ஒரு லாட்டே ஜோடி மாறி வருகிறது என்று சூபர்வைசரிடம் போய்ச் சொன்னேன். "எட்டாங்கிளாசு படிச்சிட்டு எனக்குப் பாடம் நடத்த வந்துட்டியா?" என்றார். லைன் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு எதையாவது பார்த்தால் எனக்குள்ளேயே வைத்துக்கொள்வேன். தோலில் சரி, கணினியில் எனக்கென்ன தெரியும்? அவர் படித்தவர், தெரிந்துதான் வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை முழுக்க அவர் கரண்ட்டைக் கூட்டினார், குறைத்தார். ஏற்றிய வேகத்தை எல்லாம் இறக்கிப் பழைய 2400க்குப் போனார். தப்பு வரவில்லை. ஆனால் திரையில் ஷூவைத் திருப்பினால் அது நொண்டி நொண்டித் திரும்பியது. ஒரு மாடலின் படம் முடிய எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கு காட்டியது. ஆறு மாடலும் மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தவ்ஃபீக் வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது ரஃபத் எழுந்து போனை எடுத்தார்.

"நவீன் சாருக்குச் சொல்லிட்றேன். நாளைக்குள்ள ஆவாதுன்னு இப்பவே சொல்லிட்டா மரியாதயா இருக்கும். சென்னைக்கே குடுத்துடட்டும்."

"சாப்ட்டுட்டு சொல்லேன். பிரியாணி இன்னா பாவம் பண்ணிச்சு?" என்றார் தவ்ஃபீக்.

"எனக்கு எறங்காது."

அவர் நம்பரைத் தேடினார். என்னை நாற்காலியில் உட்காரவைத்த பெண் அந்த வாரத்தில் முதல் தடவையாக என் பக்கம் பார்க்காமல் நின்றார். நான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"ரஃபத்தம்மா, அது ரெண்டும் ஜோடி இல்ல" என்றேன்.

"எது அக்கா?"

"அந்த ரேமு. ஒன்னு ஒல்லி, ஒன்னு தடி."

போனை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் கணினியை அணைத்து இரண்டையும் கழற்றினார். "ஜன்னல்கிட்ட" என்று நான் சொல்லும்போதே ஜன்னலுக்குப் போய்விட்டார். விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபிளின் கடைசி வரியில் எறும்பு அளவு எழுத்தில் இருந்ததைப் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினார். அந்த வரி மட்டும் வேறாக இருந்தது.

"யா அல்லாஹ்! பேரு ஒன்னு, நம்பர் ஒன்னு, உள்ள சில்லு வேற. நடுவுல கம்பெனிக்காரன் மாத்திட்டான். எப்ப பாத்தீங்கக்கா?"

"புதன்கிழம."

"புதன்கிழமயா! ரெண்டு நாளா வாய்ல இன்னா பீடாவா வெச்சிருந்தீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

தவ்ஃபீக் ரஃபத்தைப் பார்த்து, "நாம ரெண்டு பேரும் லேபிளத்தான் படிச்சோம். இனிமே எது வாங்கினாலும் அக்காகிட்ட காட்டிட்டு வாங்கு. என்னையும் இவங்ககிட்ட காட்டிட்டே கட்டியிருக்கலாம் நீ" என்றார்.

நான் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் எல்லாம் அவர் மூளை. வேலூர்க் கடைக்குப் போன் செய்தார். பழைய வகை இப்போது வருவதில்லை என்றார்கள். இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சில்லு இருக்கும் ரேம் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்லுமாம். அதுவரை கணினி, சீக்கிரம் பதில் சொல்லும் ஒன்றின் கணக்கைப் படித்துவிட்டு இரண்டிடமும் அதே அவசரத்தில் பதில் கேட்டு விரட்டியிருக்கிறது. ரஃபத் 3600ஐ 3400 ஆக்கினார். நாற்பதாவது நிமிடம் சிவப்பு. 3200 ஆக்கினார். ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, ஒரே ஒரு தப்பு வந்தது. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. அவருக்கு முகம் மலர்ந்தது.

"ஒன்னே ஒன்னுக்கா! நேத்து நூத்துக் கணக்குல வந்துச்சு. கிட்ட வந்துட்டோம்."

வேகத்தை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் ரேமுக்குக் கொடுக்கும் இடைவெளியை மட்டும் கூட்டினார். மறுபடி சோதனை. தவ்ஃபீக் பிள்ளைகளைக் கூட்டிவரப் போனார். நாங்கள் இரண்டு பேரும் ஆறிப்போன பிரியாணியைச் சாப்பிட்டோம். ஐந்தரைக்கு என் பஸ். ஐந்தேகால்வரை திரையில் பூஜ்யம்தான் இருந்தது. கிளம்பும்போது, "போய்ட்டு வாங்க. நான் இத வுடப் போறதில்ல" என்றார்.

சனிக்கிழமை காலை நான் போனபோது நான்கு மாடல் முடிந்திருந்தது. ஒவ்வொன்றையும் சுழலவிட்டு, "நீங்க பாருங்க, எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு" என்று என் கையில் மவுஸைக் கொடுத்தார். பையில் இருந்த நிஜ ஷூக்களை ஒவ்வொன்றாக மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். முனை, நாக்கு, குதிகால், தையல் எல்லாம் சரியாக இருந்தன. கருப்பு முக்கோணம் எங்கேயும் இல்லை. மூன்றாவது மாடலில் மட்டும் வலது கால் தையல் ஒரு இழை தள்ளி இருந்தது. சொன்னேன். உடனே சொன்னேன். அது கணினியின் தப்பு இல்லை, அவர் கையின் தப்புதான், திருத்தினார். மூன்றரை மணிக்கு ஆறும் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை நவீன்குமார் அவரைக் கம்பெனிக்கு வரச் சொன்னார். கண்ணாடி அறையில் மேலிடத்து ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். ரஃபத் திரும்பி, "சௌந்தரம்க்கா, உள்ள வாங்க" என்றார். ஆறு ஷூவும் பெரிய திரையில் சுழன்று முடிந்ததும், அவர்கள் கேட்காமலே சொன்னார்.

"செவ்வாக்கிழமயே என் சிஸ்டம் படுத்துடுச்சு சார். இவங்க கண்டுபுடிச்சாங்க. இல்லன்னா இந்த வேல உங்களுக்கு வந்திருக்காது."

தன் கணினி கெட்டுப்போனதை, வேலை கேட்டு வந்த இடத்தில், யாராவது சொல்வார்களா? நவீன்குமார் என்னைப் பார்த்து, "நம்ம சௌந்தரமா? பேசுவாங்களா இவங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஜோடி பாத்தேன் சார்" என்றேன்.

அடுத்த சீசனின் முப்பத்திரண்டு மாடலையும் ரஃபத்துக்குக் கொடுத்தார்கள். பட்டியலை வாங்கியதும் முதல் தாளை என்னிடம் நீட்டி, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். பெண்கள் செருப்பு ஒன்று இருந்தது, வார் மெல்லியது, வளைவு கஷ்டமானது. அதிலிருந்து என்றேன். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு நானே போனேன்.