எந்த டாக்டரும் சொல்லவில்லை

என் மகளிடம் நான் பொய் சொன்னேன். அவளை நம்பாமல் சொன்னேன்!

இதைப் படிக்கிற பிள்ளைகளே, நான் புதுச்சேரி முதலியார்பேட்டையில் பிளம்பர். எட்டாவதோடு படிப்பு நின்றது. என் மூத்த மகள் ஸ்டெல்லா லாஸ்பேட்டையில் சிவில் டிப்ளமோ சேர்ந்தாள். கட்டட வரைபடமெல்லாம் பெரிய பெரிய தாள்... அத்தனையும் பிடிஎஃப்பாகத்தான் வந்தது. போனில் திறந்தால் எறும்பு ஊர்வது போலத் தெரியும்.

"பெரிய டேப்லெட் ஒண்ணு வாங்கிக் குடுப்பா. கலர்ல தெரியணும்," என்றாள்.

கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். டேப், பெரிய போன் மாதிரி, அகலமாக, வண்ணமாக இருந்தது. இன்னொன்று இ-ரீடர், உள்ளங்கை அகலம், காகிதம் போலக் கறுப்பும் வெள்ளையும் மட்டும். கதைப் புத்தகம் படிக்க அது அருமையானது. ஆனால் வரைபடத்துக்கு? சுடுதண்ணீர்க் குழாய் சிவப்புக் கோடு, சாதாத் தண்ணீர் நீலக் கோடு. இருபது வருஷமாக அதைப் பார்த்துத்தானே பைப் போடுகிறேன்! எனக்கா தெரியாது?

தெரிந்தேதான் இ-ரீடரை வாங்கினேன்.

டேப்பில் படம், அரட்டை என்று போய்விடுவாளோ என்ற பயம். அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை. "டேப் கண்ணக் கெடுத்துடும்மா. கண் டாக்டரே சொன்னாரு," என்றேன். எந்த டாக்டரிடம் போனேன்? ஒருவரிடமும் இல்லை...

அவள் நம்பினாள். "இன்னாப்பா, எல்லாம் ஒரே சாம்பலா இருக்குது," என்று ஒரு தரம் சிரித்தாள். அவ்வளவுதான். வரைபடத்தில் கால்வாசிதான் திரையில் அடங்கும். ஹீட்டரில் தொடங்கி ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொடர்ந்து போவாள். நகர்த்தினால் திரை ஒரு கணம் கறுத்து மீளும். காத்திருப்பாள். மறுபடியும் விரல்... மூன்று வருஷம்!

இன்று கருவடிக்குப்பத்தில் நாலு மாடிக் கட்டடத்துக்கு அவள் சூப்பர்வைசர். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸைக் கொடுத்தாலும் எந்தக் கோடு எது என்று தடுமாறாமல் சொல்கிறாள். போன மாதம் அங்கே வேலைக்குப் போனேன். நான் மாட்டிய இணைப்பையே பிடித்துவிட்டாள்!

"இன்னா மேஸ்திரி, சுடுதண்ணி லைன்ல சாதாத் தண்ணியக் குடுத்துட்டீங்க. கழட்டுங்க."

வேலையாட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கழற்றினேன். அன்றைக்கு என்னைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பிய மனுஷன் புதுச்சேரியிலேயே இருந்திருக்க மாட்டான்!

ஆனால் வீட்டுக்குக் கிளம்பும் முன்னால் இன்ஜினீயர் அவளிடம் கேட்டார், "எப்படிம்மா வரைபடத்த இவ்ளோ சுத்தமா படிக்கிற?"

"எங்கப்பா வாங்கிக் குடுத்த இ-ரீடர்ல பழகினது சார். என் கண்ணையும் காப்பாத்தினாரு."

நான் தலையாட்டினேன். அது என் பொய்யால் வந்த திறமையா? அவளுடைய பொறுமையால் வந்ததல்லவா? தெரிந்தும் தலையாட்டினேனே!

போன வாரம் சின்னவள் மெர்சி டேப் கேட்டாள். நர்சிங் படிக்கிறாள். உடம்புப் படங்களில் ரத்தக் குழாய்கள் சிவப்பும் நீலமுமாக இருக்கின்றன. நான் வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்.

"டேப்லாம் வாணாம்டி, கண்ணு போயிடும். டாக்டரே அப்பாகிட்ட சொன்னாரு. இல்லப்பா?"

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

பிள்ளைகளே, உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்... அவர்களிடம், "ஆமாம்மா," என்றுதான் சொன்னேன்.