பூட்டிய வேனுக்குள் அவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதம். திருமானூர் பக்கம் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் கோயிலில் நாத்தனாரின் சின்ன மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என் கணவர்தான். ஆனால் பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கம் விழுந்து, பேச்சும் குழறிப்போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அவருக்காகவே பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், ஏசி எல்லாம் வைத்து வீடு மாதிரி மாற்றியிருந்தோம். நானே ஓட்டவும் பழகிக்கொண்டேன். அந்த வண்டி மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. முதலில் வைத்த ஜெனரேட்டரின் சத்தம் அவருக்கு ஆகவில்லை, தலையைப் பிடித்துக்கொள்வார். அதைக் கழற்றிவிட்டு லித்தியம் பேட்டரி வைத்தோம். பெரம்பலூரில் அதைப் பொருத்திய மெக்கானிக், “சூடு ஏறுனா தானா கட் ஆயிடும்க்கா. பெட்டிக்குக் காத்து போற எடத்த அடைச்சுடாதீங்க” என்று படித்துப் படித்துச் சொன்னார். நானோ சீர்த்தட்டுகளுக்கு இடம் வேண்டுமென்று மெத்தையையும் பைகளையும் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் அடுக்கினேன்.

கோயிலுக்கு வரப்பில் நடக்க வேண்டும். அவர் இறங்கவே மாட்டேன் என்றார். கோணிய வாயைச் சொந்தக்காரர்கள் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. “நீ போ... நா இருக்கேன்” என்று இடது கையை ஆட்டினார். ஏசியைப் போட்டேன். பிள்ளைகள் யாரும் ஏறி எதையும் நோண்டக்கூடாதென்று கதவைப் பூட்டிக்கொண்டு, சீரோடு போனேன்.

அவருடைய சித்தப்பா மகன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். அரை மணி நேரத்தில் திரும்ப வேண்டியவள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்வானேன், ரொம்ப நாள் கழித்து நாலு பேரோடு சிரித்துப் பேசியது சுகமாக இருந்தது. ஜெனரேட்டராக இருந்தால் நின்றதுமே சத்தம் ஓய்ந்து ஊருக்கே தெரிந்திருக்கும். பேட்டரி ஓடுவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது.

திரும்பி வந்தால், வேனின் பக்கக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் காலடியில் கல் கிடக்க நின்றிருந்தார். “கண்ணாடிய எதுக்கு ஒடச்ச? ஒனக்கு அறிவு இருக்கா?” என்று கத்தினேன்.

“ஆளு உசுருக்குத் தட்டிக்கிட்டுக் கெடந்தாரும்மா. கைய விட்டுக் கதவத் தொறந்து இழுத்து எறக்கிப் போட்டேன். ஒனக்குக் கண்ணாடிதான் பெருசா?” என்று வேனுக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

அங்கே புளியமர நிழலில், தலையில் ஈரத் துண்டோடு அவர் கிடந்தார். தட்டித் தட்டி இடது கை விரல்கள் வீங்கியிருந்தன. கண் என் மேலேயே இருந்தது. நான் கத்தியது அவர் காதில் விழுந்திருக்கிறது.

அரியலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். பிறகு அந்த அம்மாவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். “அத விடும்மா, அவரு நல்லாருக்காரா?” என்று மட்டும் கேட்டார். என் கணவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. போன வருடம் காய்ச்சலில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

பேட்டரிப் பெட்டியை அடைத்து, அது சூடேறி ஏசி நின்றுபோனதைக்கூட அஜாக்கிரதை என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ‘அவருக்கு என்னாச்சு’ என்று கேட்காமல் கண்ணாடியைப் பற்றிக் கேட்டேனே, அதற்கு மட்டும் இன்றுவரை என்னிடம் சமாதானம் இல்லை.