வேன் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள்

நூஹு காக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைக் கல்முனையில் சல்லடை போட்டுத் தேடினாலும் காண முடியாது. மாடு முறைத்தால் ஒழுங்கை மாறிப் போகிற மனிதர். ஆனால் எண்பத்தாறாம் ஆண்டு அவர் பயந்ததை எவனாவது கோழைத்தனம் என்று சொன்னால், அவன் அந்த வருஷம் இந்த ஊரில் இருக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

வீட்டு வளவுக்குள்ளேயே கிடுகுக் கொட்டில் போட்டு வாகனங்களுக்குப் பெயின்ட் அடிப்பது அவருடைய தொழில். ஒரு திங்கட்கிழமை இராணுவ முகாமிலிருந்து ஓர் அதிகாரி பச்சை நிற வேன் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். நம்பர் தகடு இல்லை. புதன்கிழமை நாலு மணிக்குள் வெள்ளையாக்க வேண்டும் என்றான். கண்ணாடியில் கீறல் கண்டால் உன்னையும் வேனிலேயே ஏற்றிக்கொண்டு போவேன் என்று கொச்சைத் தமிழில் சொல்லிவிட்டுச் சிரித்தான். நற்பிட்டிமுனை மெக்கானிக் இளையதம்பியையும் இப்படிச் சிரித்துப் பேசித்தான் கூட்டிப்போனார்கள். நாற்பது நாளாகியும் அவன் வீடு திரும்பவில்லை. மாட்டேன் என்று சொல்ல நூஹு காக்காவுக்கு நாக்கு எழவில்லை.

கண்ணாடிகளையெல்லாம் கோதுமை மாப் பசை தடவிப் பழைய பத்திரிகைத் தாள்களால் மூடினார். புதன்கிழமை காலை, கடைசிப் பூச்சுக்கு ஸ்பிரேயைக் கையில் எடுத்த நேரம்தான் கண்ணில் பட்டது. முன் கண்ணாடியின் மறுபக்கப் பாதியில் ஒட்டியிருந்தது நோன்புகாலச் சிறப்புப் பக்கம். அதில் அறபு எழுத்தில் ஒரு குர்ஆன் ஆயத்து. யா அல்லாஹ், அதன் மேலா பெயின்ட் அடிப்பது? பதறிப்போய்த் தாளை நனைத்துப் பக்குவமாக உரித்து, முத்தமிட்டு, காய வைத்துக் கூரை வரிச்சில் உயரச் செருகினார். பதிலுக்கு வேறு தாள் ஒட்ட வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் தெருவில் ஜீப் ஒன்று இரைந்து போனது. அவ்வளவுதான், நினைப்பு அறுந்துவிட்டது. முன்பக்கத்தை இந்தப் பக்கம் நின்றபடியே, அங்கே தாள் இல்லாததைக் கவனிக்காமல் அடித்து முடித்தார்.

மதியம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து தாள்களை உரித்தபோதுதான் பார்த்தார். முன் கண்ணாடியில் பாதி, மா தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். தின்னர் தொட்டுத் துடைத்தால் நிமிஷத்தில் போகும். ஆனால் ஒரு துளி வழிந்தாலும் ஓரத்திலுள்ள புதுப் பெயின்டைத் தின்றுவிடும். உலர்ந்த துணியால் தேய்க்கவும் வழியில்லை. கடற்கரைக் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் அந்தப் பாதி முழுக்க இருந்தது, ஒரு மணல் போதும் கீறிவிட.

முதலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, கை படாமல் மணலைக் கழுவினார். பிறகு சவர்க்கார நுரையைக் கட்டியாகப் பூசினார். மனைவி றம்லா புது பிளேட் பொதி ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தாள். பிளேட்டைக் கண்ணாடியோடு படுக்கவைத்து முன்னோக்கி மட்டும் தள்ளினார். பின்னுக்கு இழுப்பதே இல்லை. ஒரு தள்ளுக்கு ஒருதரம் துடைப்பு, மறுபடி நுரை. பிளேட்டின் முனை கொஞ்சம் மழுங்கினாலும் தூக்கி எறிந்தார். நடுவில் கிறீச்சென்று ஒரு சத்தம். நூஹு காக்கா கண்ணை மூடிக்கொண்டு கலிமாச் சொன்னார். திறந்து பார்த்தால், பெயின்ட் கட்டி ஒன்று உருண்டு கிடந்தது. அழுகை வந்துவிட்டது மனிதருக்கு.

"இஞ்சாருங்க, அழுது அழுது சுரண்டாதீங்க. கண் தெரியாமக் கீறிப் போடுவீங்க," என்றாள் றம்லா.

நாலு மணிக்கு அதிகாரி சொன்னபடி வந்தான். குனிந்து, வெயிலுக்கு எதிரே பார்த்து, கண்ணாடியில் விரலை ஓட்டினான்.

"நல்ல வேலை. ஒரு கீறல் இல்ல," என்றான் அவன். பிறகு பின்பக்கம் போய்க் கதவைத் தட்டிக் காட்டினான். "இப்ப இந்தப் பின் கண்ணாடி எல்லாம் கறுப்பு அடி. வெளியால அடி. உள்ள இருக்கிற ஆள் நகத்தால சுரண்டினாலும் போகக் கூடாது."

"ஓம் சேர்," என்றார் நூஹு காக்கா.

தூரிகையை எடுத்து, இரண்டு தடவை கனமாகப் பூசினார். அவன் பக்கத்திலேயே நின்று சிகரெட் பிடித்தான். காயக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்று மரியாதையாகச் சொல்லவும் செய்தார். கை நடுங்கவே இல்லை. தன்னை ஏற்றிக்கொண்டு போகப் போவதில்லை என்ற சந்தோஷம் உடம்பெல்லாம் ஓடியது. வேன் தெருமுனை திரும்பியதும் அப்படியே நிலத்தில் குந்தினார்.

"அல்ஹம்துலில்லாஹ். தப்பிட்டம் புள்ள."

றம்லா வேன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள இருக்கிற ஆள் எண்டானே, அது ஆருங்க?"

பூசி முடிக்கும் வரை அந்தக் கேள்வி தன் மனதில் ஒருதரமும் எழவில்லை என்று அப்போதுதான் நூஹு காக்காவுக்கு உறைத்தது. அன்றைக்கு முழுக்க முகாமுக்குப் பயந்த மனிதர், முதன்முறையாகத் தன்னை நினைத்துப் பயந்தார்.